தோழர் கண்ட பிழை

கணக்கியல் கற்றார் யாவரும் ஓர் உண்மையை அறிவர். பரீட்சை மீதி இருபுறமும் ஒத்துவந்தது என்பதால் மட்டும் கணக்கு வழுவற்றதாகிவிடாது. முற்றாகப் பதியாது விடப்பட்ட கொடுக்கல் வாங்கலையும், ஒன்றையொன்று ஈடுசெய்து மறையும் பிழைகளையும் அது காட்டாது. அதனாலன்றோ எழுதியவன் கண்ணை மட்டும் நம்பாது, கணக்காய்வாளனின் கண்ணையும் வணிக உலகம் வேண்டிநிற்கின்றது! ஏட்டுக்கு வேண்டிய இக்காவல், ஏட்டை எழுதப்போகும் இளைஞனுக்கு வேண்டாவோ?

சவளக்கடையிலும் அதனை அடுத்த கல்முனைக் கரையோர ஊர்களிலும் வணிகம் பயின்று வெளிவரும் இளைஞர் இன்று பலர். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தன் முகாமைத்துவ வர்த்தக பீடத்தின் வாயிலாக அக்கல்வியை நம் வாசலுக்கே கொணர்ந்துள்ளது. ஆயினும், நேர்முகப் பரீட்சைக்கெனக் கொழும்பு சென்று வெறுங்கையராய் மீளும் இளைஞர்க்குத் தாம் எங்கே தவறினோம் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. மறுப்போர் காரணம் கூறுவது அரிது. ஆகவே, முதன்முறை செய்த பிழையே மூன்றாம் முறையும் நிகழ்கின்றது. பெற்றோர் விதியை நொந்துகொள்கின்றனர்.

அப்பிழையை முன்னரே கண்டவர் ஒருவர் இருந்திருப்பார். அவர் உடன்பயின்ற தோழர். சொன்னால் பகைப்பானோ என அஞ்சி வாளாவிருந்துவிட்டார். இடித்துரைத்தலை நட்பின் கடமையாக வைத்த வள்ளுவரைப் போற்றும் நாம், இவ்வச்சத்தைப் பண்பெனக் கொள்வது முறையன்று. 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பார் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில், ஒருவர் பேசி முடித்ததும் சக உறுப்பினர் ஒருவர் எழுந்து அப்பேச்சின் நிறைகுறைகளை எடுத்துரைப்பர். அவ்வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. குறை கேட்கவென்றே கூடுமிடத்தில் குறை கேட்பது இழிவாகத் தோன்றாது.

இதற்கும் நெறியுண்டு. ஆளைக் குறைகூறலாகாது, செயலையே கூறல் வேண்டும். "விண்ணப்பம் நன்றாயில்லை" என்பதால் பயனில்லை. "முதற்பந்தியில் நீர் நாடும் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை" என்பதே பயன்தரும். கேட்பவர் மறுத்துரைக்க விரையாது, குறித்துக்கொள்ளல் வேண்டும்.

குருடர்க்குக் குருடர் வழிகாட்டுவதோ எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. அலுவலகத்தின் உள்முகம் காணாதவர் அதன் எதிர்பார்ப்பை முழுதும் அறியார். ஆதலின் வங்கியிலும் வாணிபத்திலும் அரச பணியிலும் உள்ள பழைய மாணவர் அவ்வட்டத்தில் வந்தமர்தல் வேண்டும். ஆயின், நாவின் தடுமாற்றத்தையும் எழுத்தின் தெளிவின்மையையும் கண்டுகொள்ள உடன்பயில்வோரே போதும்.

திங்களுக்கு ஒரு மாலை, நால்வர் நால்வராக வர்த்தக மாணவர் அமர்ந்து, ஒருவர் விண்ணப்பத்தை மற்றவர் வாசித்து, ஒருவரை மற்றவர் நேர்முகங் கண்டு பழகும் வழக்கத்தை நம் கல்லூரி தொடங்குக. உத்தியோகம் ஏற்ற பின்னும் முதலிரண்டு ஆண்டுகளேனும் அந்நால்வர் பிரியாதிருப்பாராக. விழா ஆண்டில் கட்டடம் எழுப்பப் பொருள் வேண்டும். இதற்கோ வாய்மையும் பொறுமையுமே வேண்டும். தோழன் முன் தலைகுனிவது ஒரு மாலைப்பொழுதே. அயலார் முன் காரணமறியாது தலைகுனிவதோ ஆண்டுக்கணக்கில் நீளும்.