ஒரே பங்கு, இரண்டு பாதை

ஈஸ்டர் நள்ளிரவில் பாஸ்கா திரியிலிருந்து எடுத்த நெருப்பை ஒருவர் மெழுகுவர்த்தியிலிருந்து மற்றவர் ஏற்றிக்கொள்கிறார்கள். திருமுழுக்கு வாக்குறுதியை எல்லோரும் ஒரே குரலில் புதுப்பிக்கிறார்கள். ஆனால் கோயில் நம்முடையதா என்பது அன்றைக்குத் தெரிவதில்லை. தெருவில் ஒரு சாவு விழும்போதும், திருவிழா வரி வசூலிக்கும்போதும், பங்குப் பேரவைக்கு ஆள் எடுக்கும்போதும்தான் தெரிகிறது.

உளுந்தூர்பேட்டை வட்டம் எறையூரை இதற்காகவே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அப்போது அது விழுப்புரம் மாவட்டம். 2019-க்குப் பிறகு நம் கள்ளக்குறிச்சி. புதுச்சேரி - கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஜெபமாலை அன்னை ஆலயப் பங்கில் வன்னியர்களும் தலித்துகளும் கத்தோலிக்கர்களே. ஆனால் உட்காரும் இடம் வேறு, கல்லறை வேறு, சவம் வரும் பாதையும் வேறு என்பது தலித்துகளின் நீண்ட காலப் புகார். சகாய மாதாவுக்குத் தனியே கோயில் எழுப்பி, அதைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். 2008 மார்ச் 9, ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முந்தைய ஞாயிறு. தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள். இறந்தவர்களும் வீடு இழந்தவர்களும் ஒரே பங்கின் பிள்ளைகள்.

‘சாதிக்கு ஒரு பங்கா?’ என்று அப்போது கேட்டவர்கள் பலர். பார்வைக்கு நியாயமான கேள்விதான். ஆனால் பாதையையும் கல்லறையையும் பிரித்து வைத்திருந்தபோது இந்தக் கேள்வி எழவில்லையே! பிரிந்து போக ஆசைப்பட்டு யாரும் தனிப் பங்கு கேட்பதில்லை. பொதுக்கோயிலில் சமமாக நிற்க இடம் கிடைக்காதபோது கேட்கிறார்கள். திருச்சபைச் சட்டப்படி பங்கை உருவாக்கும் அதிகாரம் ஆயருக்கே உண்டு. பொதுவாகப் பங்கு எல்லையை வைத்துத்தான் அமையும் என்றாலும், மொழி, வழிபாட்டு முறை போன்ற காரணங்களுக்காக எல்லை சாராத பங்குக்கும் அதே சட்டம் இடம் தருகிறது. ஆகவே, ‘வழியில்லை’ என்பதை நாம் ஏற்க முடியாது.

தீண்டாமை திருச்சபைக்குள்ளும் இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையிலேயே ஒப்புக்கொண்டது. 2022-ல் தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினாலாக ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா ஆனார். மகிழ்ச்சியே. ஆனால் ரோமில் உயர்ந்த ஒருவரால் இங்கே சவ ஊர்வலத்தின் பாதை தானாக மாறிவிடாது.

அரசும் கைவிரிக்கிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியர்கள், 1990-ல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் வெளியே. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். அடி வாங்கினாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குக் கைகொடுப்பதில்லை. இதே மாவட்டத்தின் மேற்கே, கல்வராயன் மலையின் மலையாளி பழங்குடி ஒருவர் கிறிஸ்தவரானால் அவருடைய பட்டியல் பழங்குடிச் சான்று அப்படியே நிற்கும். பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை கிடையாது. மலையில் செல்லும் நியாயம் சமவெளியில் ஏன் செல்லவில்லை? இதை ஆராய ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது.

பாதையைத் திறக்க எந்த ஆணையமும் தேவையில்லை. வரும் பெந்தகோஸ்தேவுக்குள் ஒவ்வொரு பங்குத்தந்தையும், தம் பங்கில் எத்தனை கல்லறை, பேரவையில் எத்தனை தலித்துகள் என்று ஞாயிறு பூசையில் வாசித்துக் காட்டட்டும்.