திடுக்கிடும் மீன்குஞ்சு

கதவு காற்றில் அடித்தாலே நெஞ்சு பதறுகிறது என்று சொல்லும் சகோதரிகள் எங்களில் பலர். "எனக்கு மட்டும் ஏன் இந்தப் பயம்?" என்று வெட்கப்படுவோரும் உண்டு. வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. திடுக்கிடுவது மூளையின் வேலை. அந்த வேலையை ஆய்வாளர்கள் ஒரு சின்ன மீனில் பார்க்கிறார்கள்.

அதன் பெயர் சீப்ரா மீன். இந்தியா, நேபாளம், பங்களாதேஷ் நீர்நிலைகளில் வாழும் கோடு போட்ட மீன். வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளிலும் வளர்ப்பார்கள். ஐந்தாறு நாள் குஞ்சு நெல்மணியிலும் சிறியது. உடல் கண்ணாடி மாதிரி. உள்ளே மூளை இயங்குவதை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம்.

குஞ்சு இருக்கும் தட்டை 'டக்' என்று அதிரச் செய்தால், அது வில்லாக வளைந்து பாய்ந்து விலகும். பின்மூளையில் பக்கத்துக்கு ஒன்றாக உள்ள இரண்டு பெரிய நரம்புக்கலங்கள் இதை ஏவுகின்றன. அதே அதிர்வைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பாய்ச்சல் குறைந்துகொண்டே போகும். களைத்துவிட்டதா, கற்றுக்கொண்டதா? இங்கேதான் கெட்டித்தனமான சோதனை. வேறொரு புலனைத் தூண்டிவிட்டு மறுபடி 'டக்' என்றால் குஞ்சு முன்போலப் பாய்கிறது. களைத்த உடம்பால் அப்படிப் பாய முடியாது. இதனால் ஆபத்தில்லை என்று கற்றுத்தான் பேசாமல் இருந்திருக்கிறது.

2011இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். வெளிச்சத்தைத் திடீரென அணைத்தாலும் குஞ்சு திடுக்கிடும். இடையிடையே ஓய்வு விட்டுப் பழக்கியபோது, அந்தப் பழக்கம் 24 மணித்தியாலம் வரை நின்றது. மூளையில் புதுப் புரதம் உண்டாகாமல் தடுத்தால் அது நிலைக்கவில்லை.

வளர்ந்த மீனின் கவனத்தையும் சோதிக்கிறார்கள். லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தில், ஐந்து இடங்களில் எதில் விளக்கு எரிகிறதோ அங்கே போகும் மீனுக்கு உணவு. விளக்கு எரியுமுன் அவசரப்பட்டால் ஒன்றுமில்லை. (எங்கள் வீட்டுச் சின்னவன் இதில் தேறமாட்டான்!)

மீனில் கண்டதை மனிதருக்கு மருந்தாக எடுக்க முடியாது. குஞ்சுக்குக் கேட்டது வெறும் சத்தம். நாங்கள் கேட்டதோ ஷெல். கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்ததுதான் அன்று பலரின் உயிரைக் காத்தது. அந்தப் பாடத்தை உடம்பு இன்னும் வைத்திருக்கிறது. அதனால் நித்திரை கெட்டு, வீட்டு வேலையும் ஓடாமல் இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மனநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். தனியே போகத் தயக்கமென்றால் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.