ஹலோலுவ வீதியில் ஒரு வீடு

வருடா வருடம் பேராதனைப் பூங்காவுக்குப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப் போகிறோம். ஒரு தடவையாவது கண்டி ஹலோலுவ வீதிக்கு பஸ்ஸைத் திருப்பினோமா? ஆசிரியர்களாகிய எங்களையே கேட்கிறோம்.

அங்கேதான் ஒராபி பாஷா இருந்த வீடு, இப்போது அவர் பெயரிலேயே கலாசார நிலையமாக இருக்கிறது. ஜெரோனிஸ் டி சொய்சா முதலியாருக்குச் சொந்தமாயிருந்த வீடு அது. போன தவணை தரம் 9 பிள்ளைகளிடம் ஒராபி பாஷா என்றால் யார் என்று கேட்டோம். "அறபுப் பாஷையா சேர்?" என்றான் ஒருவன். சிரித்துவிட்டோம். பிறகு யோசித்தால் பிழை அவனில் இல்லை.

1882இல் எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றவர் அவர். 1883 ஜனவரியில் ஆறு தோழர்களோடு கொழும்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். பிறகு கண்டிக்கு வந்தார். விக்டோரியா மகாராணியின் அரசு நாடு கடத்திய மனிதர் அதே மகாராணி காலத்துப் பங்களாவில் குடியிருந்தார். மகாராணி காலமான 1901ஆம் ஆண்டிலேதான் அவருக்கு மன்னிப்பும் கிடைத்தது.

அந்தக் காலத்துப் பங்களாக்களை எல்லோரும் பார்த்திருப்போம். உயர்ந்த ஓட்டுக் கூரை, முன்னால் அகலமான விறாந்தை. வெயிலும் மழையும் உள்ளே வராது, காற்று மட்டும் வரும். வந்தவர் யாராயிருந்தாலும் விறாந்தையில் இருத்திப் பேசலாம். இன்று நாங்கள் கட்டும் வீடுகளில் கேட்டும் கமராவும்தான் முதலில் வரவேற்கின்றன. எங்கள் வீடும் அப்படித்தான், மறைக்கவில்லை.

1892இல் மருதானையில் ஸாஹிரா தொடங்கியபோது ஒராபி பாஷா பக்கபலமாக நின்றார். ஆனால் அவர் தனியாகவே அதை நிறுவினார் என்று சிலர் பகிர்வது சரியில்லை. நமது கண்டியின் சித்திலெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் பட்ட பாடு பெரியது. வாப்பிச்சி மரிக்கார் யார்? 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர். "வெள்ளைக்காரன் கட்டிய கட்டிடம்" என்று நாமே சொல்லிச் சொல்லி, நம்மவர் கைப்பட்டதை மறந்துவிட்டோம்.

இந்த நாட்டில் உங்களுக்கு என்ன வரலாறு இருக்கிறது என்று யாராவது கேட்டால் முகநூலில் கொதிக்கிறோம். அதே வாரத்தில் உம்மும்மாவின் பழைய வீட்டை உடைத்து, கதவு நிலைகளை விறகு விலைக்குக் கொடுக்கிறோம். பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கும்போது உடைக்க வேண்டித்தான் வரும், அதைக் குற்றம் சொல்ல வரவில்லை. உடைக்க முன்னர் நாலு பக்கமும் படம் எடுங்கள். பழைய உறுதியின் பிரதியொன்றை வையுங்கள். கட்டிய மேசன் யார், மரம் எங்கிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

அடுத்த தவணைச் சுற்றுலாவில் ஹலோலுவ வீதியையும் சேர்க்கும்படி அதிபரிடம் கேட்டிருக்கிறோம். பெற்றோரும் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் சுலபமாகும்.