மூன்று முறை சொன்னேன்

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. எனக்கு கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தில் வேலை கிடைத்ததும், "என் மகன் இனி எந்தக் கங்காணிக்கும் பயப்பட வேண்டாம்" என்று எங்கள் ஊர் அம்பாங்கான் முழுக்கச் சொல்லி மகிழ்ந்தார். 1998இல் அந்த விமான நிலையம் திறக்கும் முன் அது நிற்கும் சிப்பாங் மண்ணும் செம்பனைத் தோட்டம்தான்.

நான் விமானத்தில் பெட்டி ஏற்றியவன். பின்னிரவில் எழுந்து ஒரு மணி நேரம் மோட்டார் சைக்கிளில் போவேன். சிறிய விமானங்களின் சரக்கறையில் நிமிர முடியாது. மண்டியிட்டே ஒவ்வொரு பெட்டியையும் தள்ள வேண்டும். ஷிஃப்ட் முடிந்தாலும் ஆள் இல்லை, நில் என்பார்கள். மாதத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது என்பது சட்டம். அதைச் சொல்லிக் கேட்டவன் அடுத்த மாத அட்டவணையில் என்ன பாடுபட்டான் என்று எங்களுக்குத் தெரியும்.

அன்று மழை. நான் வேலைக்கு நின்று 14 மணி நேரம் ஆகிவிட்டது. "கண்ணு சொக்குதுண்ணே, வண்டியை வேற யாருகிட்டயாவது குடுங்க" என்றேன். ஒரு முறையல்ல, மூன்று முறை. "இந்த ஒரு ஃப்ளைட்டை முடிச்சிட்டுப் போ" என்றார் மேற்பார்வையாளர். நான் ஓட்டிய, பெட்டி ஏற்றும் பெல்ட் லோடரின் முனை சரக்கறைக் கதவோரத் தகட்டில் இடித்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் விமானம் மேலே ஏற ஏற, உள்ளே அடைத்த காற்று அந்தத் தகட்டை வெளியே தள்ளும் என்று எனக்குத் தெரியும். உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நானே ஓடிப்போய்ச் சொன்னேன். விமானத்தை நிறுத்தினார்கள். என் வேலையையும் பறித்தார்கள்.

விமானிக்கும் பணிப்பெண்ணுக்கும் களைப்பு பற்றி அனைத்துலக விதி உண்டு. 2020இல் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்களுக்கும் அது வந்தது. அதே விமானத்தைத் தொடும் எங்களுக்கு அந்த விதியில் இடமில்லை. விதி இருக்கிறவர்களுக்கும் உண்மையைச் சொல்ல முடிகிறதா? 2015இல் ஜெர்மன்விங்ஸ் துணை விமானி மருத்துவர் கொடுத்த விடுப்புச் சீட்டை மறைத்துவிட்டு விமானம் ஏறினார். வேண்டுமென்றே மலையில் மோதினார். 150 பேர் போனார்கள். அவர் செய்ததை நான் மன்னிக்கவில்லை. ஆனால் மனசு சரியில்லை என்றால் உரிமமே போய்விடும் என்ற பயத்தில் எத்தனை விமானிகள் இன்றும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்!

விமானத்தில் வேலை செய்கிறவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று முன்பே பார்த்தவன் நான். 2014இல் நான்கே மாதத்தில் மலேசியா ஏர்லைன்ஸின் எம்.எச். 370, எம்.எச். 17 இரண்டு விமானங்களும் போயின. அந்த இரண்டிலும் சேர்த்து 27 பணியாளர்கள். சீருடையோடு அழுதவர்களை நான் பார்த்தேன். கண்ணீர் காயும் முன்பே அந்த நிறுவனத்தில் 6,000 பேருக்கு வேலை இல்லை என்று அறிவிப்பு வந்தது.

என் வேலையைப் பறிக்கும் முன் நடந்த விசாரணையில் என்னைக் கேட்டார்கள்: "களைப்பாக இருந்தால் ஏன் முன்பே சொல்லவில்லை?" மேற்பார்வையாளர் தலை நிமிரவில்லை. சொன்னேன் ஐயா, மூன்று முறை சொன்னேன் என்று கத்தினேன். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய தாளில் அது ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை எழுதுங்கள். எழுதிவிட்டு நீட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.