சிவகாசிப் பிள்ளைகளின் சீமை யாத்திரை

மேல்நாட்டு யாத்திரை என்பது ஒரு காலத்தில் பாரிஸ்டர் பரீக்ஷைக்கும் ஐ.சி.எஸ். பரீக்ஷைக்கும் போகும் தனவந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. கடல் கடந்தவன் பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டுமா வேண்டாமா என்று நமது பெரியோர்கள் பக்கம் பக்கமாக வாதாடியதுமுண்டு. அந்த வாதம் ஓய்ந்து வெகு காலமாகிறது. கப்பல் போய் ஆகாய விமானம் வந்துவிட்டது. தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் மாணாக்கர்களைக் கூட்டங் கூட்டமாக ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்வது இன்று சாதாரண விஷயம். ஒரு வாரத்திற்குள் நாலைந்து நகரங்கள். பாரிஸ் கோபுரம் ஒரு மாலை, ஸ்விட்ஸர்லாந்துப் பனிமலை ஒரு காலை, மீதி நேரம் கடைத்தெரு. பிள்ளைகள் நிறையப் படங்களோடும் கொஞ்சம் சாக்கலேட்டோடும் வீடு திரும்புகிறார்கள். செலவு தலைக்குச் சில லக்ஷம் ரூபாய். கொடுக்கக் கூடியவர்கள் கொடுக்கிறார்கள். அவர்களோடு நமக்கு வழக்கில்லை.

ஆனால் இந்த யாத்திரை ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் கிட்ட வேண்டுமென்று தமிழக சர்க்காரார் சில வருஷங்களாகச் செய்துள்ள முயற்சியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். 2022-ம் வருஷம் நவம்பரில் வினாடி வினாப் போட்டியில் வென்ற அரசுப் பள்ளி மாணாக்கர் 67 பேர் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் சென்று வந்தனர். 2024 ஜூன் மாதத்தில் "நான் முதல்வன்" திட்டத்தின் கீழ் 25 கல்லூரி மாணாக்கர் இங்கிலாந்து சென்று டர்ஹாம் சர்வகலாசாலையில் ஒரு வாரம் பயின்றனர். அதே வருஷம் அக்டோபரில் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் கோஷ்டியொன்று பாரிஸ் நகரத்தைப் பார்த்து வந்தது. சர்க்கார் பணத்தில் உல்லாசமா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளை விமானமேறினால் மட்டும் அது எவ்வாறு உல்லாசமாகிவிடுகிறது என்பது நமக்கு விளங்கவில்லை.

நமது குறை வேறு. போட்டியில் வென்றதற்குப் பரிசாக யாத்திரை அமைகிறதே யன்றி, போகிறவனுடைய ஊருக்கும் போகின்ற நகரத்திற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் யோசிப்பதாகக் காணோம். சம்பந்தத்தை முன்னே வைத்து ஒரு யாத்திரையை அமைத்தால் என்ன? அதற்கு விருதுநகர் ஜில்லாவைக் காட்டிலும் தகுந்த இடம் தமிழ்நாட்டில் இல்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பகுதிகளிலிருந்து, பட்டாசு அறையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் அச்சுக்கூடத்திலும் கூலி வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைகளாகப் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் இருபது பேரைத் தெரிந்தெடுத்து, ஒரு வாரம் நான்கு நகரங்களுக்கு அனுப்ப வேண்டும். லண்டன், ஹாலந்து தேசத்து என்ஸ்கெடே, ஜெர்மனியின் ஹைடல்பர்க், ஸ்விட்ஸர்லாந்தின் ஜெனீவா. ஏன் இந்த நான்கு என்பதைச் சொல்லுமுன், சிவகாசியின் வாழ்வே ஒரு யாத்திரையில்தான் தொடங்கிற்று என்பதை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் பஞ்சம். அந்த ஊரிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு வாலிபர்கள் 1922-ல் ரயிலேறிக் கல்கத்தா சென்றார்கள். பாஷை தெரியாத ஊரில் சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கையால் செய்து கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து யந்திரங்களைத் தருவித்துத் தொழிலைத் தொடங்கியவர்கள், யந்திரத்தைவிடக் கைவேலையே அந்த ஊருக்குக் கட்டுபடியாகும் என்று விரைவில் கண்டு வழியை மாற்றிக்கொண்டனர். அதே சமயத்தில், 1923-ல், ஸ்வீடன் தேசத்து முதலாளிகள் விம்கோ கம்பெனியை இந்தியாவில் நிறுவினார்கள். அவ்வளவு பெரிய அந்நிய மூலதனத்தை எதிர்த்துக் கரிசல் காட்டுக் குடிசைத் தொழில் நிலைத்து நின்றது சுதேசிய சரித்திரத்தில் ஒரு நல்ல அத்தியாயம். தீப்பெட்டியிலிருந்து பட்டாசும், அதன் சீட்டுகளிலிருந்து அச்சுத் தொழிலும் கிளைத்தன. அந்த இருவரும் கல்கத்தாவுக்கு வேடிக்கை பார்க்கப் போகவில்லை. என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனார்கள்.

இப்பொழுது லண்டனுக்கு வருவோம். அந்நகரின் கீழ்ப்பாகத்தில் போ என்ற பேட்டையில் பழைய தீப்பெட்டித் தொழிற்சாலைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதற்குள் இப்போது குடித்தனக்காரர்கள் வசிக்கிறார்கள். 1888 ஜூலையில் அங்கே வேலை செய்த சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். அற்பக் கூலி, தொட்டதற்கெல்லாம் அபராதம், இவற்றிற்கு மேல் வெள்ளைப் பாஸ்பரஸ் என்னும் விஷம். வேலை செய்யுமிடத்திலேயே உணவருந்தியதால் அவ்விஷம் வாய்வழி புகுந்து தாடையெலும்பை அழுகச் செய்தது. அவர்களுடைய நிலைமையைத் தமது பத்திரிகையில் எழுதி உலகறியச் செய்தவர் அன்னி பெஸன்ட் அம்மையார். ஆம், பின்னாளில் அடையாற்றில் வசித்து, ஹோம்ரூல் கிளர்ச்சியை நடத்தி, 1917-ல் காங்கிரஸ் மகாசபையில் அக்கிராசனம் வகித்த அதே அம்மையார்தான். பெண்கள் வென்றார்கள், அபராதம் ஒழிந்தது, சாப்பாட்டுக்குத் தனி அறை கிடைத்தது, சங்கம் பிறந்தது. 2022-ல்தான் அக்கட்டடத்தில் நீல நிற ஞாபகப் பலகையொன்று பதித்தார்கள்.

இதில் சிவகாசிப் பிள்ளைக்கு என்ன? 1906-ல் பெர்ன் நகரில் பல தேசத்தார் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய ஒப்பந்தம் செய்தனர். 1913-ல் இந்தியாவிலும் தடைச் சட்டம் வந்தது. ஆகவே சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் பிறந்தபோதே அந்த விஷத்திற்கு அங்கே இடமில்லை. தன் பாட்டி சட்டத்தில் குச்சி அடுக்கிப் பிழைத்தும் தாடையெலும்பு அழுகாமல் தப்பியதற்கு, எங்கோ லண்டனில் வீதியில் இறங்கிய சிறுமிகளுக்கும் ஒரு பங்குண்டு என்று ஒரு பெண் அந்தப் பலகையின் முன் நின்று அறிவது பாரிஸ் கோபுரத்தைப் பார்ப்பதைவிட மேலான கல்வி என்பது நமது அபிப்பிராயம்.

என்ஸ்கெடே நகரை எந்த யாத்திரைக் கம்பெனியும் காட்டுவதில்லை. ஜெர்மன் எல்லையோரம் இருக்கும் நடுத்தர ஊர் அது. 2000 மே 13-ம் தேதி, ஒரு சனிக்கிழமை பிற்பகல், வீடுகளுக்கு நடுவேயிருந்த பட்டாசுக் கிடங்கு தீப்பற்றி வெடித்தது. 23 பேர் மாண்டனர். அவர்களில் நால்வர் தீயணைக்கச் சென்றவர்கள். சுமார் 950 பேர் காயமுற்றனர். ரூம்பேக் என்ற பேட்டையே தரைமட்டமாயிற்று. சனங்கள் முதலில் வாணவேடிக்கையென்றே எண்ணித் தெருவில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

நேயர்களுக்கு முதலிப்பட்டி நினைவுக்கு வந்திருக்கும். 2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசிக்கருகே அக்கிராமத்தில் நடந்த பட்டாசு விபத்தில் சுமார் 40 உயிர்கள் போயின. உதவி செய்ய ஓடியவர்களும் பார்க்க வந்தவர்களும் இறந்தவர்களில் இருந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூருக்கருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் மாண்டனர். இடையிலும் பின்னும் நிகழ்ந்தவற்றைக் கணக்கிட்டால் இந்தப் பத்தி போதாது.

விபத்து அங்கும் உண்டு, இங்கும் உண்டு. வித்தியாசம் அதன் பிறகு நடந்ததில் இருக்கிறது. ஹாலந்தில் ஒரு சுயேச்சையான கமிஷன் விசாரித்தது. தொழில் நடத்தியவர்களை மட்டுமல்ல, லைசென்ஸ் கொடுத்த நகரசபையையும் மேற்பார்வை செய்யத் தவறிய தேசிய சர்க்காரையும் அது பகிரங்கமாகக் குற்றஞ் சாட்டிற்று. கிடங்கு நடத்தியவர்கள் சிறைத் தண்டனை பெற்றனர். 2002-ல் பட்டாசு பற்றிய விதிகள் அடியோடு மாற்றப்பட்டன. கிடங்குக்கும் குடியிருப்புக்கும் இடையே தூரம் நிர்ணயமாயிற்று. தரைமட்டமான பேட்டையை எவ்வாறு திரும்பக் கட்டுவது என்று அங்கே குடியிருந்தவர்களையே கலந்து கட்டினார்கள்.

இங்கே விதிகள் இல்லையா? இருக்கின்றன. அறைக்கு நால்வர்தான் இருக்கலாம்; மருந்து கலவை இவ்வளவுதான் வைக்கலாம்; வெயில் ஏறியபின் மருந்தைத் தொடலாகாது. உரிமம் நாகபுரியிலிருந்து வருகிறது. ஆனால் உரிமம் பெற்றவர் ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விடுகிறார். குத்தகைக்காரர் போட்ட பணத்தைப் பிடிக்க நால்வர் அறையில் எட்டுப் பேரை உட்கார்த்துகிறார். உராய்வில் மருந்து வெடிக்கிறது. மறுநாள் போர்மேன் கைதாகிறார், நஷ்ட ஈடு அறிவிக்கப்படுகிறது, மூன்றாம் மாதம் எல்லோரும் மறந்துவிடுகிறோம். விசாரணை எதுவரை போயிற்று, மேற்பார்வை செய்ய வேண்டிய உத்தியோகஸ்தர் என்ன பதில் சொன்னார் என்று கேட்பவர் இல்லை. கேட்கப் பழகிய ஊரொன்றை நமது பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்கிறோம். ரூம்பேக் வீதிகளில் இரண்டு நாள் நடந்து, அவ்வூராரோடு பேசிவந்த இருபது பேர் ஜில்லாவில் இருந்தால், அடுத்த விபத்தின்போது கேள்வி கேட்க இருபது வாயாவது இருக்கும்.

ஹைடல்பர்க்கைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. சிவகாசி அச்சுக்கூடங்களில் அது யந்திரத்தின் பெயர். ஊரின் பெயரென்று பலருக்குத் தெரியாது. காலண்டரும் தீப்பெட்டிச் சீட்டும் அடித்த தகப்பனுடைய மகன், அந்த யந்திரம் உருவான பூமியைக் காண்பது நியாயமே. போகிற வழியில் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் பெயரால் அமைந்துள்ள அச்சுக்கலைக் காட்சிசாலையையும் பார்த்துவிடலாம்.

ஜெனீவாவில் 1920 முதல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் இருந்து வருகிறது. உலகத்தில் குழந்தைத் தொழிலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சிவகாசியின் பெயரைச் சொல்லிய காலம் ஒன்றிருந்தது. அது நமக்குத் தலைகுனிவு. 1996 டிசம்பர் 10-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டார், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்ட விரோதமாக வேலைக்கமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென்று தீர்ப்பளித்தனர். அந்த வழக்கு சிவகாசியைப் பற்றியதே. இந்த ஸ்தாபனம் குழந்தைத் தொழிலைப் பற்றிச் செய்த இரண்டு முக்கிய உடன்படிக்கைகளையும் இந்திய சர்க்கார் 2017-ல் ஏற்றனர். பள்ளிக்கூடம் தொழிற்சாலையை வென்ற கதையை, அந்த மாளிகையில் எவரோ நிபுணர் வாயால் கேட்பதற்குப் பதிலாக, நமது பிள்ளைகளே அங்கே எழுந்து நின்று தமிழில் சொல்ல வேண்டும். 2023-ம் வருஷத்து மேனிலை இரண்டாம் ஆண்டுப் பரீக்ஷையில் 97.85 சதவீதம் தேறி முதலிடம் பெற்ற ஜில்லா அல்லவா அவர்களுடையது?

செலவுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். விருதுநகரத்தாரைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்கலாகாது. வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் அது. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையென்று ஒதுக்கிச் சத்திரமும் கல்விச்சாலையும் கட்டிய வழக்கம் அந்த வட்டாரத்துக் கடைத்தெருக்களுக்குப் புதிதல்ல. தீபாவளிச் சரக்கில் பெட்டிக்குச் சில காசு ஒதுக்கினால் இருபது பிள்ளைகளின் பிரயாணச் செலவு பெரிதாகாது. சர்க்காரார் ஒரு பாதியை ஏற்கட்டும். "முதலில் ஆஸ்பத்திரிக்குத் தீக்காய வார்டு, பிறகு சீமை" என்று சிலர் சொல்லக்கூடும். இரண்டும் வேண்டும். ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் காட்டி இரண்டையும் கொடாதிருப்பது பழைய தந்திரம்.

ஆறாம் வகுப்போடு விருதுநகர்ப் பள்ளிக்கூடத்தை விட்ட காமராஜர் 1966-ல் காங்கிரஸ் தலைவராகச் சோவியத் நாட்டுக்கும் கிழக்கு ஐரோப்பிய தேசங்களுக்கும் யாத்திரை செய்தார். ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்யத் தெரியாதவர் அங்கே என்ன பார்க்கப் போகிறார் என்று அன்றும் கேலி செய்தவர்கள் உண்டு. ஊர் ஊராய் நடந்து பழகிய கண்ணுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு என்பதை அவர்கள் அறிந்திலர்.

காரியத்திற்கு வேண்டிய சில விவரங்கள். யாத்திரை மே மாதத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் பள்ளி விடுமுறை. அப்போதுதான் வெயிலின் கொடுமையில் பட்டாசு அறைகளில் அபாயம் அதிகம், விடுமுறைப் பிள்ளைகள் வீட்டில் திரி வேலைக்கு உட்காரும் பழக்கமும் தலைகாட்டும். இருபது பேரில் பத்துக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். விபத்தில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகளுக்கு முதலிடம் தரவேண்டும். புறப்படுமுன் மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் உள்ளூர் ஆசிரியரொருவர் அந்நகரங்களின் சரித்திரத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்; திரும்பியபின் ஒவ்வொருவரும் தம் கிராமத்துப் பள்ளியில் ஒரு பிரசங்கம் செய்ய வேண்டும். இங்கிலாந்துக்கு ஒரு விசா, மற்ற மூன்று தேசங்களுக்கும் சேர்த்து வேறொரு விசா. இரண்டிற்கும் பாங்கிக் கணக்கைக் காட்டச் சொல்லுவார்கள்; கூலிக்குக் குச்சி அடுக்கும் தாயிடம் அது இராது. ஆகவே ஜில்லா கலெக்டரே பொறுப்பேற்றுக் கடிதம் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் தை மாதத்திலேயே ஆரம்பமாக வேண்டும். அதற்குமுன், கார்த்திகைக்குள், மகமைக் கமிட்டியொன்று விருதுநகரிலும் மற்றொன்று சிவகாசியிலும் கூடித் தொகையை நிச்சயிப்பது நலம்.