ரோனி அலனை வாங்கிலில் இருத்தினது சரியோ?

'அவனுக்கு சூட் பண்ணத் தெரியாது, பிறகென்னத்துக்கு கோர்ட்டில நிக்கிறான்?' என்.பி.ஏ. பார்க்கிற எங்கட நண்பர்கள் ரோனி அலனைப் பற்றி இன்றைக்கும் இப்படித்தான் கதைக்கிறார்கள். சாட்சிக்கு இழுப்பது 2015 பிளேஓஃப். மெம்பிஸ் 2–1 என முன்னுக்கு நிற்க, நாலாவது மட்ச்சில் கோல்டன் ஸ்ரேற் தன் சென்ரர் அன்ட்ரூ போகட்டை அலனுக்குக் காவல் போட்டது. காவல் எண்டு பெயர்தான். போகட் வளையத்துக்குக் கீழே நின்று ராண்டோல்ஃபுக்கும் கசோலுக்கும் வழியை அடைத்தார். வெளியே தனியே நின்ற அலன் எறிந்தது விழவில்லை. 16 நிமிடத்தோடு வாங்கில். தொடர் 4–2 எனப் பறிபோனது.

இதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்த 2–1 எப்படி வந்தது? இரண்டாவது மட்ச்சில் கிளே தொம்சனை 13 புள்ளிகளோடு மடக்கியதில் பெரும்பங்கு யாருக்கு? அலன் பறிக்கிற பந்து மறுபக்கம் இலகுவான லேஅப் ஆகிறது. அதை டிஃபென்ஸ் கணக்கில் மட்டும் எழுதினால் எப்படி? பேஸ்லைனால் வெட்டி ஓடுவதும், தவறின பந்தைத் தாவி எடுப்பதும் தாக்குதல் இல்லையோ?

போகட் விலகி நின்றால், முகக்கவசத்தோடு ஆடின மைக் கொன்லிக்கு அலனைக் கொண்டு ஸ்கிறீன் போடுவித்திருக்கலாம். ஸ்கிறீனைத் தாண்டினவரை உடனே மறிக்க அங்கே ஆள் இராது. ஆளை மூலையில் மரம் மாதிரி நிறுத்தினால் மரம் என்ன செய்யும்?

ஐந்தாவது மட்ச்சில் தொடைத் தசைக் காயத்தால் அலன் ஆடவேயில்லை. மெம்பிஸ் 78 புள்ளிதான் எடுத்தது. அதையும் அவற்ற தலையிலையோ கட்டப் போறியள்?