எறும்பு சாக்பீஸ்... உஷார்!

எறும்புத் தொல்லை தாங்காமல், எறும்பு சாக்பீசால் சமையலறைச் சுவரோரம் கோடு போட்டு, மிச்சத்தை ஜன்னல் திட்டில் வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால், என் மூன்று வயது மகள் அதைப் பல்பம் என்று நினைத்து வாய்க்குக் கொண்டு போகிறாள்! பதறிப்போய்ப் பிடுங்கினேன். நல்லவேளை, வாயில் படவில்லை.

"ஏம்மா, விஷத்தை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு எறும்பைத் திட்டுறியே?" என்றார் மாமியார்.

இப்போது எறும்பு வரும் வழியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து விடுகிறேன். வாசனைத் தடம் அழிந்துவிட்டால், பின்னால் வரும் எறும்புக்கு வழி தெரியாது. சர்க்கரை டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே வைக்கிறேன். கொசு முட்டையிடாமலிருக்க, தினமும் தண்ணீரை மாற்றிவிடுவேன்.

போரிக் பவுடர், கற்பூரம்கூடக் குழந்தை வாயில் போனால் ஆபத்துதான். தோழிகளே, எறும்புக் கடி தடிப்போடு போய்விடும், விஷம் அப்படியில்லையே!

- ஒரு இல்லத்தரசி, கும்பகோணம்.